வாங்கின பொருள் நமக்கே திறக்காத கதைகள்: டெல்டாக்காரர்கள் எழுதுங்கள்

கும்பகோணம், லேப்டாப் சர்வீஸ் கடை

முகூர்த்த மாதம் வந்தால் எங்கள் கடைக்கு போட்டோகிராபர்கள் வரத்து அதிகம். போன ஆவணியில் திருபுவனம் பக்கத்துத் தம்பி ஒருவர் முகம் வெளிறிப்போய் வந்தார். புது லேப்டாப். முதல் நாள் எடுத்த கல்யாணப் படம் அத்தனையும் உள்ளே. மெமரி கார்டை அன்றைக்கே அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுவிட்டார். காலையில் ஆன் செய்தால் நீலத் திரை, 48 இலக்க ரெக்கவரி கீ கொடு என்று நிற்கிறது.

விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். பயாஸ் அப்டேட் மாதிரி ஏதாவது நடந்தால் மெஷினுக்குச் சந்தேகம் வந்து சாவியைக் கேட்கும். அதுவரை யாரும் அதைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். "உங்கள் மெயில் ஐடி என்ன தம்பி?" என்றேன். "ஷோரூம்லயே எல்லாம் போட்டுக் கொடுத்துட்டாங்கண்ணே" என்கிறார். விற்ற பையன் அவசரத்துக்குத் தன் சொந்த மெயிலைப் போட்டு செட்டப் முடித்துக் கொடுத்திருக்கிறான். அந்தப் பையனோ வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டான்.

ஷோரூமில் நம்பர் வாங்கி, அவனைப் பிடித்து, அவன் பாஸ்வேர்டை மீட்டு உள்ளே நுழைவதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. அவன் போனில் ஆறு ஆறு எண்ணாகப் படிக்க, நான் தட்ட, எட்டாவது தொகுதி முடிந்ததும் திறந்தது. தம்பி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து படங்களை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டுதான் எழுந்தார். ஊர் பேர் தெரியாத ஒரு ஆளின் கணக்கில் கும்பகோணத்துக் கல்யாணப் பெண்ணின் ஆல்பத்துக்குச் சாவி இருந்திருக்கிறது.

இந்த மாதிரி உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். எந்தச் சாமானாக இருந்தாலும் சரி.

மன்னார்குடி பக்கம், விவசாயம்

அண்ணே, நான் சொல்வது மோட்டார் கொட்டகைக் கதை.

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், குறுவைக்கு நாற்றங்கால் விடுகிறவர்களுக்கு ஃபில்டர் பாயிண்ட்தான் (வயலில் இறக்கிய குழாய்க் கிணறு) கதி. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் மோட்டார் ஓட வேண்டும். அது நடுராத்திரியாக இருந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். கட்டுவிரியனும் அதே நேரத்தில்தான் நடக்கும். அதனால்தான் மொபைல் ஸ்டார்ட்டர் வந்ததும் எங்கள் பக்கம் ஒரே வருஷத்தில் கொட்டகைக்குக் கொட்டகை ஏறிவிட்டது.

பழைய மாடல் எளிமையானது. பெட்டிக்குள் ஒரு சிம். கூப்பிட்டால் குரல் சொல்லும்: ஆன் செய்ய 1, ஆஃப் செய்ய 2. கரண்ட் வந்தால் எஸ்எம்எஸ், ஒரு பேஸ் போனால் எஸ்எம்எஸ். கம்பெனி இருக்கிறதோ இல்லையோ, பெட்டி வேலை செய்யும். அப்பாவே பட்டன் போனில் அழுத்துவார்.

நான் ஐடி வேலையை விட்டு ஊருக்கு வந்தவன், கையைக் கட்டிக்கொண்டு இருப்பேனா? புது மாடல் வாங்கினேன். ஆப், கிராப், எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு, வருஷச் சந்தா. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பட்டனை அழுத்தினால் உத்தரவு நேராக என் கொட்டகைக்குப் போகாது. எங்கேயோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். மூன்றாவது சந்தா கட்டிய கொஞ்ச நாளில் ஆப் சுற்றிக்கொண்டே நின்றது. கஸ்டமர் கேர் நம்பர் உபயோகத்தில் இல்லை. டீலரைக் கேட்டால், "கம்பெனியை மூடிட்டாங்க சார், நான் என்ன பண்றது?" பெட்டி புதுசு, சிம்மில் பேலன்ஸ் இருக்கிறது, ரிலே (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் மின் சுவிட்ச்) டிக் டிக் என்று அடிக்கத் தயாராக இருக்கிறது. உத்தரவு கொடுக்க ஆள் இல்லை.

திறந்து பார்த்தேன். உள்ளே கடையில் கிடைக்கிற சாதாரண கன்ட்ரோலரும் ஒரு 4ஜி மாட்யூலும்தான். ஆனால் புரோகிராமை வெளியே எடுக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். வேறு புரோகிராம் ஏற்றலாம் என்றால் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாமல் பெட்டி ஏற்காது. சும்மா சொல்லக் கூடாது, நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பெட்டிக்கு பேங்க் லாக்கர் மாதிரி காவல்.

கடைசியில் ஐடிஐ படித்த எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அந்தப் பூட்டைத் தொடவே இல்லை. ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனுக்கு இணையாக ஒரு ரிலே, சிவப்புப் பட்டன் ஒயரில் வரிசையாக ஒரு ரிலே, பக்கத்து வயலில் கழற்றிப் போட்டிருந்த போனில் கூப்பிட்டு இயக்கும் பழைய மாடல் பெட்டி ஒன்று. மோட்டார் ஓடியது. புதுப் பெட்டி கொட்டகை மூலையில் கிடக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பட்டன் போனை மட்டும் சார்ஜில் போட்டார்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்

எல்லாரும் பூட்டைத் திட்டுகிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன்.

புதிய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறும் நெரிசலில் அக்காவின் போன் போய்விட்டது. ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்) பிளாக் செய்தோம். 2023 மே முதல் இந்தியா முழுக்க நடைமுறையில் உள்ள வசதி இது. பிளாக் ஆன போன் எந்தக் கம்பெனி சிம்மிலும் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் தகவல் போலீசுக்குப் போகும். அப்படித்தான் போன் திரும்பி வந்தது. எடுத்தவர்கள் ரீசெட் அடித்திருந்தார்கள், ஆனால் அக்காவின் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு அப்படியே நின்றிருந்தது. ஆண்ட்ராய்டில் 2015 முதல் இருக்கும் பூட்டு அது. அது இல்லையென்றால் அந்த போன் அன்றைக்கே செகண்ட் ஹேண்டில் கைமாறி இருக்கும்.

அதே நேரம் என் கதை வேறு. என் போனுக்குக் கம்பெனி அப்டேட் நின்றுவிட்டது. ஹார்டுவேர் கல்லு மாதிரி இருக்கிறது. பூட்லோடரை (போனில் எந்த சிஸ்டம் ஏறலாம் என்று காவல் காக்கும் பூட்டு) திறந்து, உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து பராமரிக்கிற புது ஆண்ட்ராய்டை ஏற்றினேன். செக்யூரிட்டி பேட்ச் இந்த மாதம் வரைக்கும் இருக்கிறது. ஆனால் பேங்க் ஆப் திறக்காது, உன் போன் நம்பகமானது இல்லை என்கிறது. அப்டேட் இல்லாமல் வருஷக்கணக்காக ஓட்டை விழுந்து கிடக்கும் நண்பனின் போனில் அதே ஆப் சிரித்துக்கொண்டு ஓடுகிறது. மெஸ் காசு கொடுக்க அவனிடம்தான் கை நீட்டுகிறேன்.

கும்பகோணம், லேப்டாப் சர்வீஸ் கடை

தம்பி, டிஸ்க் பூட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைக்கு வரும் லேப்டாப்பில் என்னவெல்லாம் இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும், பூட்டுவதே நல்லது. அக்காவின் போனில் சாவி அக்காவிடம் இருந்தது. போட்டோகிராபர் தம்பிக்குச் சாவி என்று ஒன்று இருப்பதே தெரியாது. உன் பேங்க் ஆப் விஷயத்தில் போனைத் திறந்தவனும் நீதான், தண்டனையும் உனக்குத்தான். மூன்றையும் ஒரே கணக்கில் எழுதாதே.

மயிலாடுதுறை, அச்சகம்

எங்கள் அச்சகத்தில் திரைச்சீலை போட்டு மூடி ஒரு பழைய பென்டியம் இருக்கிறது. பின்பக்கம் 25 பின் பிரிண்டர் போர்ட்டில் தீப்பெட்டி அளவு டாங்கிள் ஒன்று செருகி இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா வாங்கிய தமிழ் டிடிபி (பக்க வடிவமைப்பு) மென்பொருளின் சாவி அது. டாங்கிள் இருந்தால்தான் எழுத்தே வரும். அந்தக் காலத்தில் ஒரு மெஷினுக்கு ஒன்று, காப்பி அடிக்க முடியாது.

அந்த போர்ட் புது கம்ப்யூட்டர்களில் இல்லை. யுஎஸ்பி மாற்றி வாங்கிப் பார்த்தால் பிரிண்டர் ஓடும், டாங்கிளைத் தெரியவில்லை என்கிறது. விற்றவர்கள் அந்தத் தொழிலை எப்போதோ விட்டுவிட்டார்கள். சரி, பழசு போகட்டும், யூனிகோடில் புதிதாக அடிக்கலாமே என்பீர்கள். இப்போது அப்படித்தான் அடிக்கிறோம். ஆனால் கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. கோயில் ஆட்கள் வந்து, "போன தடவை பத்திரிகையை அப்படியே போடுங்க, உபயதாரர் பேரை மட்டும் மாத்துங்க" என்பார்கள். அந்த ஃபைல் பழைய எழுத்துருக் குறியீட்டில் இருக்கிறது. புது மெஷினில் திறந்தால் ஸ்ரீ இருக்கிற இடத்தில் டாலர் குறி, கட்டம், கேள்விக்குறி. வெளியில் கிடைக்கும் மாற்றிகள் பிரபலமான சில குறியீடுகளுக்கு உண்டு, எங்களுடையதற்கு இல்லை.

அதனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதற்கு பிளாஸ்டிக் போடுகிறோமோ இல்லையோ, அந்த பென்டியத்துக்குப் போட்டுவிடுவோம். போன வருஷம் அதன் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) போனபோது கும்பகோணம் அண்ணன் மாதிரி ஒருவர்தான் எங்கிருந்தோ ஒன்று தேடிக் கொடுத்தார். டாங்கிளைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறது என்று ஒரு பையன் சொன்னான். சட்டப்படி தப்பா என்று பயந்து விட்டுவிட்டோம்.

நீடாமங்கலம், அறுவடை வண்டி புரோக்கர்

சம்பா அறுவடைக்கு ஆத்தூர் பக்கத்திலிருந்து வண்டிகளை நான்தான் இறக்குவேன். தை மாதம் மேகம் கட்டி நிற்கிறது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தள்ளி வைப்பார்கள். அந்த நேரத்தில் புது பெல்ட் வண்டி வயலுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. இன்ஜின் ஓடுகிறது, வேகம் ஏறவில்லை, டிஸ்ப்ளேயில் ஒரு பிழை எண்.

முன்னே எல்லாம் டிரைவரே ஸ்பேனரை எடுத்து இறங்குவார். மாசு விதி இறுகி, 2023 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 வந்த பிறகு பெரிய இன்ஜின்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சொல்படிதான் டீசல் குடிக்கின்றன. வயரை எலி கடித்திருந்தது. ஒட்டுப் போட எங்கள் மெக்கானிக்குக் கால் மணி நேரம். ஆனால் எண் போகவில்லை. அந்த எண்ணை அழிக்க கம்பெனி லேப்டாப் வேண்டும், அது திருச்சியில் இருக்கிறது, ஆள் மறுநாள் மத்தியானம்தான் வந்தார். கேபிளைச் செருகினார், இரண்டு கிளிக், பில் போட்டார். அதற்குள் பக்கத்து வயல்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்.

அமெரிக்காவில் இதே டிராக்டர் சண்டையில்தான் 2015இல் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு கொடுத்தார்களாம், சொந்த வண்டியின் மென்பொருளைப் பழுது பார்க்கத் திறக்கலாம் என்று. பேரன் படித்துக் காட்டினான். நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவாரூர், வழக்கறிஞர்

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அறுவடை வண்டிக்காரருக்கு: பழுதுபார்க்கும் உரிமை பற்றி 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று, மற்றவை மொபைல், வீட்டுச் சாமான், வாகனம். அதே வருஷம் டிசம்பர் 24இல் ஒரு இணையதளம் திறந்தார்கள். கம்பெனிகளின் சர்வீஸ் விவரமும் உதிரி பாகத் தகவலும் அதில் கிடைக்கும். கேபிளையும் லேப்டாப்பையும் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. இப்போதைக்கு இவ்வளவுதான், ஆகா ஓகோ என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அச்சகத்தாருக்கு: டிஜிட்டல் பூட்டை உடைப்பது பற்றிய 65ஏ பிரிவு 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்தது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் அது குற்றம். காசு கொடுத்து வாங்கியவர், வாங்கிய நோக்கத்துக்கே பயன்படுத்தவும், அழிந்துபோகாமல் இருக்கவும் நகல் எடுத்துக்கொள்ள 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அப்பா வாங்கிய பில்லையும் லைசென்ஸ் தாளையும் பத்திரமாக வையுங்கள். யாரையும் வைத்து வேலை செய்யும் முன் ஒரு முறை நேரில் வந்து பேசிவிடுங்கள்.

மன்னார்குடி தம்பி, உங்களுடையதுதான் உண்மையில் வழக்கு. 2019 நுகர்வோர் சட்டத்தில், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கம்பெனி மூடிவிட்டது என்று டீலர் கையை விரித்தாலும் அவரையும் எதிர் தரப்பாகச் சேர்க்கலாம், விற்றவர் அவர்தான். சொந்தப் பிழைப்புக்கு விவசாயம் செய்கிறவர் நுகர்வோர்தான். நாலைந்து வண்டி வைத்து வாடகைக்கு விடுகிறவர் என்றால் அந்தக் கேள்வி வேறு மாதிரி போகும், நீடாமங்கலத்தார் கவனிக்கவும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள்.

மன்னார்குடி பக்கம், விவசாயம்

சார், ஒரு சந்தேகம். டீலர் ஜிஎஸ்டி பில் கொடுக்கவில்லை, எஸ்டிமேட் தாளில் கையால் எழுதிக் கொடுத்தார். சந்தா மட்டும் ஆப்பிலேயே கட்டினேன். ஆப்தான் திறக்கவில்லையே.

திருவாரூர், வழக்கறிஞர்

எஸ்டிமேட் தாளும் ஆவணம்தான், கிழிக்காமல் எடுத்து வாருங்கள். சந்தா கட்டிய நாள் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டில் இருக்கும், அந்தப் பக்கத்தை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் பழைய பெட்டியை மாட்டியதற்கு எவ்வளவு வாங்கினார்? அதற்கும் ஒரு ரசீது எழுதி வாங்குங்கள், அந்தச் செலவையும் கேட்கலாம். கொட்டகை மூலையில் கிடக்கிறது என்றீர்களே, அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.