மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கியவை

அல்சூர், மாடித்தோட்டம்:
சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போன மாதம் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக்கிடந்தது. பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்தேன். நடுவே சில மட்டும் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்க, விறுவிறுவென ஊர்ந்தன. தாய்ப்பூச்சி இவைதான் என்று நானே தீர்ப்பு எழுதி, தேடித் தேடி நசுக்கினேன். வேளாண்மை படித்த எதிர்வீட்டு அத்தை பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அத்தனையும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுக்களாம். மாவுப்பூச்சியைத் தின்பதற்கு மாவுப்பூச்சி வேஷம்!

ஜெயநகர்:
அக்கா, நானும் அதே பாவம் செய்தவன். இப்போதெல்லாம் ஈர்க்குச்சியால் தொட்டுப் பார்க்கிறேன். மாவுப்பூச்சி மந்தமாகக் கிடக்கும், பொறிவண்டுப் புழு நகர்ந்துவிடும். முழுதாக வளர்ந்த புழு 1 செ.மீ. தாண்டும், மாவுப்பூச்சி அதில் பாதிகூட இராது. வண்டான பிறகு உடல் கறுப்பு, தலைப்பக்கமும் பின்நுனியும் ஆரஞ்சு. பூர்வீகம் ஆஸ்திரேலியா. காபிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ஆய்வகங்களில் பரங்கிக்காய்மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதையே தீனியாக்கி இந்த வண்டைப் பெருக்குகிறார்கள். பரங்கிக்காய்க்கு இப்படியும் ஒரு பிழைப்பு.

மல்லேஸ்வரம்:
என் கதை ரோஜாவில். இலையடியில் முடி போன்ற காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. பூஞ்சை என்று துடைத்துவிட்டேன். அவை பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். பொரிந்திருந்தால் செடியின் சாறு உறிஞ்சும் அசுவினியை ஒரு கை பார்த்திருக்கும்.

ஒயிட்ஃபீல்டு:
எல்லாம் சரி, எறும்பை யாருமே சொல்லவில்லையே? மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவை நக்குவதற்காக அதற்குக் காவல் நிற்பதே எறும்புதான். கிரிப்டோலேமஸ் புழுவின் மெழுகுப் போர்வை எறும்பை ஓரளவு ஏமாற்றும். வண்டுக்கு அந்தப் போர்வை கிடையாது. காசு கொடுத்து வாங்கி வந்து விட்ட வண்டுகள் என் கொய்யாவில் இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. அடிமரத்தில் துணி சுற்றிக் கிரீஸ் தடவி, தரையைத் தொட்ட கிளைகளை வெட்டிய பிறகுதான் அடுத்த தடவை விட்டவை நிலைத்தன. நேரடியாகப் பட்டையில் கிரீஸ் தடவாதீர்கள், மரத்துக்கு ஆகாது.

அல்சூர்:
எறும்பா! என் தொட்டியில் சாரை சாரையாகப் போகிறது, அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்திருந்தேன். இன்று தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல்மேல் ஏற்றினேன். காலையில் இலையிலையாகப் புரட்டியதில் என் பிரஷ்ஷுக்குத் தப்பிய நூல்காரன் ஒருவன் அகப்பட்டான். ஈர்க்குச்சியால் தொட்டேன். நகர்ந்தான்.