மலைப்பாதை திறந்த பிறகும் மாற்றுவழியைத் தொடர்பவர்கள் உண்டா?

கேள்வி (குன்னூரிலிருந்து):
வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை அடைபடும்போதெல்லாம், கீழே இறங்க வேண்டிய நாம் அனைவரும் மறுபேச்சின்றிக் கோத்தகிரி வழியாகச் சுற்றிச் செல்கிறோம். சாலை திறந்ததும் கூட்டம் பர்லியாறு வழியாகச் செல்லும் அந்தப் பழைய சாலைக்கே திரும்பிவிடுகிறது. இடர்க்காலத்தில் ஏற்படும் பயணப் பழக்கம் எங்காவது நிலைத்திருக்கிறதா?

பதில் 1:
நிலைத்த சான்று ஒன்று உண்டு. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சில நிலையங்கள் மூடப்பட்டன, சில இயங்கின. பயண அட்டைப் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், பயணிகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் வேலைநிறுத்தம் முடிந்த பின்னும் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்று கண்டறிந்தனர். அந்த ரயில்களின் வரைபடம் உண்மையான தொலைவைக் காட்டுவதில்லை என்பதால், தமக்கு உகந்த வழி அருகிலேயே இருந்தும் பலர் அதை அறியாமல் இருந்திருக்கிறார்கள். வரைபடம் அதிகம் பிறழ்ந்திருந்த பகுதிகளில்தான் மாற்றமும் அதிகம். நம் மலையிலோ அறியப்படாத சாலை என்று எதுவும் இல்லை. குன்னூர்க்காரருக்குக் கோத்தகிரி சுற்று என்பது முன்பே தெரியும், ஆகவே திரும்பிவிடுகிறார். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பதில் 2 (உதகையிலிருந்து):
மேலே எழுதிய நண்பர் வழியை மட்டும் கணக்கில் கொள்கிறார். வாகனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் நின்ற மலை ரயிலின் வழக்கமான சேவை, அந்த ஆண்டின் கடைசி நாளில்தான் மீண்டும் தொடங்கியது. ரயில் நிற்கும் வரை அதில் உதகை–குன்னூர் இடையே வேலைக்குச் சென்றுவந்த என் சக பணியாளர்கள் சிலர், பேருந்தில் நெருங்கி அமர அஞ்சி, தவணையில் இரு சக்கர வாகனம் வாங்கினார்கள். ரயில் வந்த பின்னும் அவர்கள் அதில் ஏறவில்லை. மாதாமாதம் தவணை கட்டும் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு யார் சீட்டு எடுப்பார்? காசு செலவழித்து மாற்றிய பழக்கம் எளிதில் திரும்புவதில்லை. வேறு சாலையில் போவதற்கு அப்படி முதலீடு எதுவும் தேவையில்லை.

பதில் 3 (கூடலூரிலிருந்து):
சுற்றுலாப் பயணிகளையும் கவனியுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) கட்டாயம். 2025 ஏப்ரலில், நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. அரசுப் பேருந்தில் வருபவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால், சமவெளியில் உள்ள என் உறவினர்கள் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் வருகிறார்கள். ஆனால் உதகையில் இறங்கியதும் ஊர் சுற்ற வாடகை வண்டி பேசுகிறார்கள். அந்தச் செலவு குறையாத வரையில், வரம்பை நீக்கிய மறு வாரமே அவர்கள் காரில்தான் வருவார்கள்.