முட்டி மாற்று ஆபரேஷன்: வலியைப் பத்தி நோயாளிகிட்ட என்ன சொல்லணும், எப்போ சொல்லணும்?

ஆர்த்தோ வார்டு நர்ஸ்:
ஆபரேஷனுக்கு முந்தின நாள் அரை மணி நேரம் வகுப்பு எடுக்கணும். வாக்கர், மருந்து, டாய்லெட் பத்தியெல்லாம் சொல்லிடலாம். வலிதான் சிக்கல். "வலிக்காது"ன்னா மறுநாள் நடக்க வைக்கும்போது நம்ம பேச்சை நம்ப மாட்டாங்க. "நல்லா வலிக்கும்"னா ராத்திரி தூக்கம் போச்சு. சிபிடி (நினைப்பையும் நடத்தையையும் மாத்தி உதவுற உளவியல் சிகிச்சை) முறையில எதைச் சொல்லலாம்?

மருத்துவ உளவியலாளர்:
முந்தின நாள் ரொம்ப லேட். பிரீ-ஆப் செக்கப்புக்கு வரும்போதே, ரெண்டு மூணு வாரம் முன்னாடி ஆரம்பிங்க. பழகிப் பார்க்க நாள் வேணும்.

வலி எங்கே, எந்த அளவு, எத்தனை நாள்னு நேராச் சொல்றதுதான் அடிப்படை. 1964-லயே பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில எக்பர்ட் குழு வயித்து ஆபரேஷன் நோயாளிகள்ல ஒரு பகுதியினருக்கு இதை விளக்கி, உடம்பைத் தளர்த்தவும் புரண்டு படுக்கவும் சொல்லிக் கொடுத்தாங்க. அவங்களுக்குத் தேவைப்பட்ட மார்பின் வகை மருந்து கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சது.

முட்டிக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது நரம்பு பிளாக் (வலி தெரியாம காலை மரத்துப்போக வைக்கிற ஊசி) விடுற நேரம். பொதுவா 12–24 மணி நேரத்துல விடும், அப்போ வலி சட்டுனு ஏறும். முன்னாடியே தெரியாதவங்க, "உள்ளே ஏதோ பிரிஞ்சிடுச்சு"ன்னு நினைச்சு காலையே அசைக்க மாட்டாங்க.

அந்த நினைப்பைத்தான் பிடிக்கணும். அவங்க சொன்ன வார்த்தையிலேயே ஒரு அட்டையில எழுத வைங்க. இடப்பக்கம்: "தையல் பிரிஞ்சிடும்." வலப்பக்கம்: "பிளாக் விட்டிருக்கு. இது எதிர்பார்த்த வலி. மாத்திரை போட்டு அரை மணி ஆச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல குறையும்." "எல்லாம் சரியாயிடும்"னு எழுதாதீங்க, வலி 10-க்கு 7-ல இருக்கிற ஆள் அதை நம்பமாட்டார்.

"வலியெல்லாம் மனசுலதான் இருக்கு"ன்னு யாரும் வாய்தவறியும் சொல்லக் கூடாது. வலி நிஜம், பயத்துல தசை இறுகி, தூக்கம் கெட்டு, அது கூடுதுன்னு சொல்லுங்க.

பிசியோ:
பயிற்சி மாத்திரைக்கு 30–45 நிமிஷம் கழிச்சு. வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை கேட்கிறவங்கதான் முட்டியை மடக்க மறுக்கிறாங்க. மூக்கால 4 எண்ணி இழுத்து, வாயால 6 எண்ணி விடுற மூச்சை ஆபரேஷனுக்கு முன்னாடியே தினம் ரெண்டு வேளை பழக்குங்க. மடக்கும்போது மூச்சு வெளியே போகணும். மூச்சைப் பிடிச்சா தொடை இறுகும்.

வீட்டுக்குப் போனதும் நடக்கிற அவகாசத்தைக் கடிகாரம் முடிவு பண்ணட்டும். சிரமமில்லாம 5 நிமிஷம் முடியும்னா 4-ல ஆரம்பிச்சு, ரெண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு நிமிஷம் கூட்டலாம். வலி குறைவான நாள்ல மாடி வரைக்கும் போய்ட்டு, அடுத்த ரெண்டு நாள் வீக்கத்தோட படுத்துக் கிடக்கிறதுதான் வழக்கமான சறுக்கல். ஐஸ் பேக்கைத் துணி சுத்தி 15–20 நிமிஷம் வைக்கலாம். சுகமா இருக்குன்னு முட்டிக்கு அடியில தலையணை வேண்டாம், கால் நேராகாது.

ஆர்த்தோ வார்டு நர்ஸ்:
எல்லாருக்கும் இவ்வளவு நேரம் ஒதுக்க முடியாது மேடம். யாருக்கு அதிகமா வேணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மருத்துவ உளவியலாளர்:
வலியை எந்த அளவு பேராபத்தா நினைக்கிறாங்கன்னு பார்க்க, 1995-ல சல்லிவன் குழு உருவாக்கின அளவுகோல் (Pain Catastrophizing Scale) இருக்கு. 13 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0–4, மொத்தம் 52. 30-க்கு மேல வந்தா தனியா உட்கார்ந்து பேசுங்க. கேள்வியை நீங்களே வாசிச்சுக் காட்டலாம், ஆனா கூட வந்த மகனோ மகளோ பதில் சொல்ல விடாதீங்க. "அம்மா எதையும் தாங்குவாங்க"ன்னு அவங்க சொன்னா, அம்மாவும் தலையாட்டிடுவாங்க.

பிசியோ:
இன்னொண்ணு. அட்டைக்குப் பின்பக்கம் சிவப்பு மையில: கெண்டைக்கால் வீங்கி வலி, காய்ச்சல், தையல்ல சீழ், திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி. இதுல ஒண்ணு வந்தாலும் மூச்சுப் பயிற்சி பண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். அட்டையை வாக்கர்லேயே கட்டி விடுங்க.