லோடு செல் ஆம்ப்ளிஃபயரில் ஓபி27 போட்டும் நாய்ஸ் குறையலைங்க

கேள்வி (திருப்பூர்): நூல் எடை பார்க்கும் தராசு. 350 ஓம் லோடு செல் (எடையைச் சின்ன வோல்டேஜா மாத்துற சென்சார்), 10 வோல்ட் சப்ளை, முழு எடைக்கு 20 மில்லிவோல்ட். எல்எம்358 ஆம்ப்ளிஃபயர் ஐசியை எடுத்துட்டு, நாய்ஸ் (தானா வர்ற சின்ன வோல்டேஜ் ஆட்டம்) குறைவான ஓபி27 ஐசி மூணு போட்டும் ரீடிங் ஆடுதுங்க. கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு) 201. ரெண்டு இன்புட்லயும் பாதுகாப்புக்கு 100 கே (கிலோஓம்) ரெசிஸ்டர் இருக்கு. எங்க தப்புங்க?

பதில் (பீளமேடு): அந்த 100 கே தானுங்க. ஓபி27-ஓட நாய்ஸ் ரூட் ஹெர்ட்ஸுக்கு (நாய்ஸை அளக்குற கணக்கு) 3 நானோவோல்ட். 100 கே தனியா அதே கணக்குல 40 நானோவோல்ட் போடும். பயஸ் கரண்ட் (ஐசி இன்புட்ல ஓடுற சின்ன கரண்ட்) 10 நானோஆம்பியர்னாலும் அதுல 1 மில்லிவோல்ட் விழும். எடுத்துட்டு 1 கே போடுங்க. கெயினை முடிவு பண்ற ஆர்ஜி ரெசிஸ்டர் 100 ஓம், ஃபீட்பேக் ரெசிஸ்டர் 10 கே அப்படியே இருக்கட்டும்.

பதில் (ஈரோடு): மாத்துனதும் ரெண்டு இன்புட்டையும் ஷார்ட் பண்ணி, பிரிட்ஜோட (லோடு செல்லுக்குள்ள இருக்குற ரெசிஸ்டர் சுற்று) பாதி வோல்டேஜ்ல கட்டிப் பாருங்க. அப்பவும் ஆடுச்சுன்னா கோளாறு போர்டுல, அடங்குச்சுன்னா கேபிள்ல. பக்கத்துல மோட்டார் டிரைவ் ஓடுதுங்களா? கேபிளோட ஷீல்டை (சுத்தியிருக்குற உலோக உறை) ஒரு முனையில மட்டும் கிரவுண்ட் பண்ணுங்க. மெதுவா நகருதுன்னா ஃபேனை நிறுத்தி, போர்டு மேல டப்பாவைக் கவுத்துங்க. காத்துப் பட்டு சால்டர் முனைகள்ல 10 மைக்ரோவோல்ட் வந்தாலே வெளிய 2 மில்லிவோல்ட் ஆகும்.

பதில் (பீளமேடு): ஐசி மேலயே சந்தேகமா? பிளஸ் இன்புட்டை கிரவுண்ட்ல வெச்சு மைனஸ் இன்புட்ல இருந்து கிரவுண்டுக்கு 10 ஓம், ஃபீட்பேக்ல 100 கே போட்டு கெயின் 10,000 ஆக்குங்க. 100 கே-க்குக் குறுக்க 0.15 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஓபி27-ல சி, ஜி தர வகைகளுக்கு ஆஃப்செட் (இன்புட் பூஜ்யமா இருந்தாலும் வர்ற பிழை வோல்டேஜ்) 100 மைக்ரோவோல்ட் தான் உச்சம், அதாவது வெளிய 1 வோல்ட். 4 வோல்ட் நின்னா அது போலி சரக்குங்க.