நிறப்பகுப்பா, நிறப்பிரிகையா? ஊர்வுப் பிரிப்பு என்று ஒரு முன்மொழிவு

எல்லோருக்கும் வணக்கம்.

திருகோணமலைப் பிள்ளைகளுக்கான இலைநிறச் செய்முறைத் தாளில் குரோமட்டோகிராபியை, அதாவது கலந்திருக்கும் நிறமிகளை வடிதாளில் பிரித்தெடுக்கும் முறையை, தமிழில் எப்படி எழுதுவது என்று ரீச்சர் கேட்டிருந்தார். இதுவரை வந்த 'நிறப்பகுப்பு', 'நிறப்பிரிகை' என்ற இரண்டு சொற்களையும் என்னால் ஏற்க முடியவில்லை.

'பகுப்பு' என்ற சொல்லை மின்பகுப்பு, நீர்ப்பகுப்பு என்று படிப்பிக்கிறோம். அங்கே சேர்வை உடைகிறது. வடிதாளில் எதுவும் உடைவதில்லை. உடைவது குளிர்நாட்டு மரத்தின் இலையில்: பகல் குறுகும்போது மரம் புதிய பச்சையம் ஆக்குவதை நிறுத்துகிறது, இருப்பதும் சிதைகிறது, அதுவரை மறைந்திருந்த கரோட்டினொயிட்டுகளின் மஞ்சள் தெரிகிறது. (மேப்பிளின் சிவப்பு வேறு. அந்தோசயனின் என்ற அந்தச் சிவப்பு நிறமி பெரும்பாலும் அப்பருவத்தில் புதிதாக உண்டாவது.) 'நிறப்பகுப்பு' என்றால் பிள்ளை இந்தச் சிதைவையும் வடிதாளில் நடப்பதையும் ஒன்றாக்கிக் குழம்பும். 'நிறப்பிரிகை'யோ அரியத்தில் ஒளி பிரிவதற்கு ஏற்கெனவே வழங்குகிறது.

வடிதாளைக் கிட்ட வைத்துப் பாருங்கள். பசளி இலையைக் கிழித்து ஸ்பிரிட்டில் ஊறவிட்டு, கோப்பையைச் சுடுநீரில் வைத்து (அடுப்பு வேண்டாம், ஸ்பிரிட் தீப்பற்றும்), வடிதாள் கீற்றின் நுனியை அதில் தோய்த்தால், ஈரம் மெல்ல மேலே ஊர்கிறது. நிறமிகளும் கூடவே ஊர்கின்றன, ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. பச்சைக்கு அப்பால் மெல்லிய மஞ்சள் விளிம்பு தெரியும். ஊர்வதில் உள்ள வேறுபாடுதான் பிரிக்கிறது. ஆகவே 'ஊர்வுப் பிரிப்பு' என்கிறேன்.

பெயரில் நிறம் விடுபடுகிறதே என்பீர்கள். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் சுவெட் கல்சியம் காபனேற்று நிரப்பிய குழாயில் இலை நிறமிகளைப் பிரித்து, 1906இல் இந்த முறைக்கு நிறத்தை வைத்துக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். அவர் கண்டது வண்ணப் பட்டைகள். பின்னர் நிறமற்ற அமினோ அமிலங்களையும் இதே முறையில் தாளில் பிரித்தார்கள். அங்கே நிறம் என்ற சொல் பொருந்தவில்லை, ஊர்வு பொருந்துகிறது. கிளைச்சொற்களும் இலகுவாக வருகின்றன: தாளில் செய்தால் தாள் ஊர்வுப் பிரிப்பு, சுவெட் செய்ததுபோல் நிரப்பிய குழாயில் செய்தால் நிரல் ஊர்வுப் பிரிப்பு. நிறமி சென்ற தூரத்தைக் கரைப்பான் சென்ற தூரத்தால் வகுத்தால் 'ஊர்வு விகிதம்'.

இன்னொன்று. நமது பக்கம் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரு மணிநேரமே கூடிக்குறைகிறது. பகல் குறுகி இலை நிறம் மாறுவதைப் பிள்ளைகள் இங்கே பார்க்க முடியாது. ஆகவே செய்முறைத் தாளில் மேப்பிள் படத்தோடு நிறுத்தாமல், கடற்கரை நாட்டுவாதுமையின் பச்சை இலையையும் சிவந்து விழுந்த இலையையும் பக்கத்துப் பக்கத்தில் சோதிக்கச் சொல்லுவோம். 'ஊர்வு' என்றதும் ஊர்வன நினைவுக்கு வந்து பிள்ளைகள் குழம்புவார்கள் என்று யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். எனக்கு அது உதவியாகவே படுகிறது.