ஏற்றத்தில் எஞ்சின் தட்டுகிறது, அவசர உதவி தேவை

கோடைப்_பயணி
வணக்கம். எங்கள் பழைய மோட்டார்ஹோம் (வீடுபோல் வசதியுள்ள வண்டி) ஏற்றத்தில் உண்டியலைக் குலுக்கியதுபோல் சத்தமிடுகிறது. டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பார்த்துவிட்டேன், சரியாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை கல்கரியிலிருந்து கிளம்பி, பான்ஃப் வழியாகக் கிக்கிங் ஹார்ஸ் கணவாயைத் தாண்ட வேண்டும். பிள்ளைகள் தலையணை முதல் கேரம் பலகை வரை ஏற்றிவிட்டார்கள். யாராவது உடனே வழி சொல்லுங்கள்.

எண்ணெய்_கை
என்ன எஞ்சின், எந்த ஆண்டு? கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் தட்டுகிறதா, பாரம் இழுக்கும்போது மட்டுமா? ஆயில் பிரஷர் எப்படி? 'பழைய மோட்டார்ஹோம்' என்று மட்டும் சொன்னால் யார் என்ன சொல்வது?

அம்பாசடர்_மாமா
இதற்கு ஏன் இவ்வளவு கேள்வி? என் அம்பாசடர் ஏற்காடு மலையேறும்போது இப்படித்தான் தட்டும். பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்கிற டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பினால் வாயை மூடிக்கொள்ளும்.

பட்டறை_வாத்தியார்
ஒரு நூல் சரி, எந்தப் பக்கம்? அதைச் சொல்லாமல் வைத்தியம் சொல்லாதீர்கள் மாமா. உள்ளே ரோட்டர் சுழலும் திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்பினால் பொறி தாமதமாகும், எதிர்த் திசையில் திருப்பினால் முந்தும், தட்டலும் கூடும். தவறான பக்கம் திருப்பினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

கோடைப்_பயணி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 1983, செவ்ரோலே 454, கார்புரேட்டர். பாரம் இழுக்கும்போது மட்டும்தான் சத்தம். ஆயில் பிரஷர் எப்போதும்போல. ஊற்றுவது 87 ஆக்டேன் (தட்டலைத் தாங்கும் அளவு) பெட்ரோல்.

தூசி_வடிகட்டி
இ.ஜி.ஆர். வால்வு, பந்தயம் கட்டுகிறேன். எரிந்த புகையில் கொஞ்சம் திரும்ப உள்ளே போனால்தான் சிலிண்டரின் வெப்பம் அடங்கும். கரி அடைத்துக்கொண்டால் தட்டத்தான் செய்யும். எனக்கு மூன்று வண்டிகளில் அதுதான்.

அம்பாசடர்_மாமா
87 ஆக்டேனா! இங்கே சாதாரண பெட்ரோலே 91க்குக் குறையாது. கனடா போன்ற பணக்கார நாட்டில் இப்படி மட்டமான சரக்கா? தட்டாமல் என்ன செய்யும்?

தூசி_வடிகட்டி
மாமா, அது வேறு கணக்கு. இந்தியாவில் சொல்லும் 91 ரிசர்ச் என்ற சோதனை முறையின் எண். இங்கே பம்பில் ஒட்டியிருப்பது ரிசர்ச், மோட்டார் ஆகிய இரண்டு முறை எண்களின் சராசரி. அங்கே 91, இங்கே 87, ஏறக்குறைய ஒரே பெட்ரோல்தான்.

அம்பாசடர்_மாமா
91 பெரியதா, 87 பெரியதா? நான் ஐந்தாம் வகுப்பில் படித்த கணக்கு தப்பாகிவிட்டதோ?

தூசி_வடிகட்டி
கிலோமீட்டரில் 91 பெரியதா, மைலில் 87 பெரியதா? நீங்களே சொல்லுங்கள்.

பனி_டயர்
எனக்கு வேறு சந்தேகம். மலையில் காற்று மெல்லியது, அதனால்தான் தட்டுகிறதோ?

பட்டறை_வாத்தியார்
தலைகீழ். காற்று மெலிந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறையும், தட்டலும் குறைய வேண்டும். அத்தனை உயரத்திலும் தட்டுகிறது என்றால் காரணம் பெட்ரோல் இல்லை.

எண்ணெய்_கை
பயணி, டைமிங்கை எப்படிப் பார்த்தீர்கள்? டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்தீர்களா?

கோடைப்_பயணி
ஆமாம், கழற்றி ஒரு திருகாணியைச் செருகி அடைத்தேன். ஸ்டிக்கரில் பிஸ்டன் உச்சிக்கு 4 டிகிரி முன்பு பொறி என்று இருக்கிறது. டைமிங் லைட்டில் குறி அசையாமல் 4இல் நின்றது. இருக்கைகளுக்கு நடுவே எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக் குனிந்து பார்த்ததில் முன்கை மயிர் பொசுங்கியதுதான் மிச்சம். சொல்ல மறந்தேன், சென்ற ஆண்டிலிருந்து வண்டி கொஞ்சம் அதிர்கிறது. எஞ்சின் மவுண்டாக இருக்கும் என்று மெக்கானிக் சொன்னார்.

பட்டறை_வாத்தியார்
இதை முதல் வரியில் எழுதியிருந்தால் மாமாவின் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நமக்குத் தெரியாமலே போயிருக்கும். நீங்கள் பார்த்த குறி இருப்பது கிராங்க் தண்டின் முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரமான பாலன்சரின் வெளிவளையத்தில். அந்த வளையத்தைப் பிடித்திருப்பது ரப்பர். நாற்பது ஆண்டு வெப்பத்தில் ரப்பர் விட்டுக்கொடுத்தால் வளையம் நழுவும், குறியும் கூடவே நகரும். விளக்கு 4 என்று காட்டும், பொறி எப்போதோ விழுந்திருக்கும். 454க்கு எடைச் சமன் வெளியிலிருந்து, அதாவது பாலன்சரிலிருந்தும் வருகிறது. அதனால் வளையம் நழுவினால் அதிர்வும் வரலாம்.

பேட்டரியைக் கழற்றுங்கள், எல்லாப் பிளக்குகளையும் எடுங்கள். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனை வழியில் தடுக்கும் கம்பி) திருகி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிஸ்டன் முட்டியதும் டைமிங் அளவுத் தகட்டின் பூஜ்யத்துக்கு நேரே வளையத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி, முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் பிஸ்டனின் உண்மையான உச்சி. பழைய குறி அங்கே இல்லை என்றால் பாலன்சர் போய்விட்டது. ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், ஸ்டாப் பிஸ்டனைக் குத்திவிடும்.

தூசி_வடிகட்டி
இருந்தாலும் இ.ஜி.ஆரையும் பார்த்துவிடுங்கள்.

எண்ணெய்_கை
பயணி, என்ன ஆயிற்று? மூன்று நாளாகச் சத்தமே இல்லை.

கோடைப்_பயணி
பார்த்தேன். குறி 11 டிகிரி, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. 4 என்று வைத்திருந்தது உண்மையில் 15. ரப்பர் விளிம்பில் பிதுங்கி நிற்கிறது, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. புதிய பாலன்சர் வரும்வரை பயணம் இல்லை. பிள்ளைகள் பேசவில்லை. எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக வாத்தியார் ஐயாவுக்கு.

அம்பாசடர்_மாமா
ஆக, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பியிருந்தால் தட்டல் நின்றிருக்கும். நான் முதலிலேயே சொன்னேன்.

பட்டறை_வாத்தியார்
எந்தப் பக்கம்?