உப்புக்காத்து ஊர்ல இன்னும் மனசுல கெடக்க ஒரு காட்சி: அனுபவப் பகிர்வு

தேரிக்காட்டான்
உவரி பக்கம் ஒரு வீட்டு வேலை. போர்வெல் வண்டி 180 அடி இறக்கியாச்சு. வந்த தண்ணிய வாயில வச்ச கொத்தனார் தூன்னு துப்பிட்டார். அம்பதடி தள்ளி ஒரு ஆச்சி சிரட்டையால மணலத் தோண்டுதா. ரெண்டடி கூட இருக்காது, தண்ணி ஊறுது. கலங்கல மூணு தடவ இறைச்சு ஊத்திட்டு, நாலாவது ஊறினத மோந்து குடத்துல விட்டா. ‘ஏய்யா, அம்புட்டு ஆழத்துல கடல்தான் கெடக்கும். மேலதான மழைத்தண்ணி கெடக்கு’ன்னா. போருக்குப் பணம் கட்டுனவர் அந்தக் குடத்தப் பாத்த பார்வை இருக்கே!

கச்சான்
ஆச்சி கணக்கு சரிதான். கடல்தண்ணி லிட்டருக்கு ஒரு 25 கிராம் கனம் கூட. அதனால நல்ல தண்ணி அதுக்கு மேல மெதக்கும். கிணத்து மட்டம் கடல் மட்டத்துக்கு 1 அடி மேல நின்னா, கீழ சுமாரா 40 அடி நல்ல தண்ணி. அந்த 1 அடிய உறிஞ்சிட்டா உப்பு 40 அடி ஏறி வரும். ஒரு தோப்புல அஞ்சு எச்பி மோட்டார ராத்திரி பூரா ஓட விட்டாவ. விடிஞ்சு பாத்தா கருவாடு அலசுன தண்ணி. ஐப்பசி மழை விழுந்தப் பொறவுதான் கிணறு தேறுச்சு. கொஞ்சங்கொஞ்சமா இறைக்கணும், அம்புட்டுதான்.

கம்பி கட்டுறவன்
தண்ணியைத் துப்பினார் சரி, கான்கிரீட்டில் எந்தத் தண்ணீரைக் கலந்தார்? அதைச் சொல்லவில்லையே. கடலோரத்தில் ஆறே வருஷமான ஒரு பால்கனி, அடிப்பூச்சு பாளம் பாளமாகக் கொட்டியது. உள்ளே கம்பி பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. துரு பிடித்தால் கம்பி வீங்கும், வீங்கினால் கான்கிரீட் வெடிக்கும். தண்ணீர் லாரிக்குக் காசு போனாலும் கலக்கவும் நனைக்கவும் நல்ல தண்ணீர்தான். கடற்கரை மணல் ஒரு சட்டி கூட வேண்டாம். கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடணும், அதுதான் கவர். டைல்ஸ் துண்டு, ஜல்லி எல்லாம் வைத்து ஏமாற்றாமல் சிமெண்ட் கவர் பிளாக் வையுங்கள். கான்கிரீட் வலிமைத் தரம் எம்30 கலவைக்குக் குறையக் கூடாது. பத்து நாளாவது சாக்குப் போட்டு நனைக்கணும். ஜன்னலுக்கு இரும்பு வேண்டாம். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள், உப்புக்காத்து உள்ளே இருக்கிற குழாய்ச் சுருளைத் தின்றுவிடும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் கொஞ்சம் தாங்கும்.

பட்டை
யண்ணே, உங்ககிட்ட யாரு வீடு கட்டக் கேட்டா? 😀
பதநிய மறந்துட்டியளே. கார்ல வந்த ஒருத்தரு டம்ளர் கேட்டார். பனையேறி ஒண்ணும் சொல்லல, குருத்தோலைய மடக்கிப் பட்டை கட்டி அவர் கையில கொடுத்து, ஊத்திட்டார். அவரு குடிக்கத் தெரியாம சட்டையெல்லாம் நனைச்சி, ரெண்டாவது பட்டை கேட்டார் பாருங்க!
சூட்சுமம் பனையில கட்டுற கலயத்துல இருக்கு. உள்பக்கம் சுண்ணாம்ப மெல்லிசாத் தடவணும். கொறஞ்சா வெயில் ஏறுமுன்ன நுரைச்சுப் புளிக்கும், கருப்பட்டி காச்சுனாலும் இறுகாது. கூடுனா நாக்கு வெந்துரும்.

கச்சான்
கலயத்தக் கழுவிக் காயப்போடலன்னா சுண்ணாம்பு எம்புட்டு தடவினாலும் புளிக்கும். அதையும் சொல்லுங்க.

ஊருக்கு வெளிய
தேரிக்காட்டான் அண்ணாச்சி, அந்த ஊத்து இன்னும் இருக்கா?

தேரிக்காட்டான்
அந்த எடத்துல இப்ப கடல் நிக்கி. தெக்க கடலுக்குள்ள கல்லக் கொட்டி தூண்டில் வளைவு போட்டாவ, அங்க மணல் சேருது, வடக்க அரிக்கி. ஆச்சி வீட்டுக்காரங்க முப்பதடி உள்ள தள்ளித் தோண்டுதாவ. தண்ணி நல்லாத்தான் இருக்கு. அதே சிரட்டைதான்னு நெனைக்கேன்.